கடைசிக் கூண்டு

காலை ஏழுக்கே வந்துவிட்டாள்.
ப்ரெரோவிலிருந்து முதல் பேருந்து,
அப்புறம் உருகும் பனியில் இரண்டு கிலோமீட்டர் நடை.
விளாஸ்டா ஹொராச்கோவா.
கையில் வைக்கோல் பரப்பிய பிரம்புக் கூடை.

"கை கழுவத் தண்ணீர் எங்கே?"
விலையைக்கூடக் கேட்கவில்லை.
அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

என் கொட்டகையில் பதினாறு கூண்டுகள்.
எல்லாம் மொராவிய நீலம்,
மழைக்கு முந்தைய மேகத்தை அறுத்துத் தைத்த மாதிரி.
பதினாறாவதன் மேல் ஒரு சாக்குத் தொங்கியது.
குளிருக்கு, என்று சொல்லிக்கொண்டேன்.
அவளிடம் இல்லை, என்னிடம்.

அவள் முதலில் எதையும் தொடவில்லை.
வாசலில் நின்று மூக்கால் கொட்டகையைப் படித்தாள்.
மூத்திர நெடி கண்ணைக் கரிக்கிறதா,
வைக்கோல் நேற்றையதா, போன மாதத்ததா.
பிறகு குனிந்து தட்டிலிருந்த புழுக்கையை எடுத்து
மிளகு வாங்குகிறவள்போல விரலிடையே உருட்டினாள்.
உருண்டை. உலர்ந்தது.
ம், என்றாள்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
முப்பது வருடம் சந்தையில் சாதித்தவன் நான்.
அவளோ நான்கையும் எண்ணினாள்,
நான்கையும் மல்லாத்தினாள்.
பின்னங்கால் அடியில் ரோமம் தேய்ந்து புண்ணாயிருக்கிறதா,
முன்னங்காலின் உட்புறம் பிசுபிசுக்கிறதா.
"முயலுக்குக் கைக்குட்டை ஏது?
மூக்கைத் துடைத்துவிட்டுப் பொய் சொல்லலாம், மிஸ்டர் ஓடகார்.
முன்னங்காலுக்குப் பொய் தெரியாது."

காதை விளக்கை நோக்கிப் பிடித்தாள்.
இளஞ்சிவப்பு, உள்ளே ஓடும் நரம்புகள்,
பச்சை குத்திய எண். பழுப்புப் பொருக்கு இல்லை.
முதுகெலும்பில் கட்டைவிரலை மெல்ல ஓட்டினாள்.
வால் தூக்கினாள். உதடு பிளந்தாள்.

ஏழாம் கூண்டில் என் பெருமை இருந்தது,
கோப்பை வாங்கியவனின் பேரன்.
கீழ்ப்பல் மேல்பல்லை மிஞ்சி
ஒரு நெல்மணி அளவு முன்னே நின்றதை
நானும் பார்த்ததுண்டு, பார்க்காமல் விட்டதுண்டு.
"இவன் தாத்தா கோப்பை வாங்கியவன்" என்றேன்.
"கோப்பையால் புல்லைக் கடிக்க முடியாதே" என்றாள்,
அவன் நெற்றியைத் தடவி உள்ளே விட்டபடி.

கடைசியில் இரண்டைத் தேர்ந்தாள்.
மூன்றாம் கூண்டுப் பெட்டை,
அவளுக்கு ரத்த உறவில்லாத பதினோராம் கூண்டுக் கடுவன்.
இரண்டின் பாலையும் தானே அழுத்திப் பார்த்துக்கொண்டாள்;
என் வார்த்தை போதவில்லை.
பேரம் பேசினாள். இறங்கினேன்.
கொருனாத் தாள்களை எச்சில் தொட்டு எண்ணும்போது

சாக்குக்குப் பின்னால்
ஒரு தும்மல்.

சின்னது. ஊசி விழுந்த அளவு.
அவள் எண்ணுவது நின்றது.

"வைக்கோல் தூசி" என்றேன்.
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.
இரண்டு முயலையும் கூடையிலிருந்து எடுத்து
அவற்றின் கூண்டிலேயே விட்டாள், தாழ்ப்பாள் சரிபார்த்தாள்.
சாக்கை விலக்கினாள்.

அங்கே ஆகாதா.
இந்தக் கொட்டகையில் பாதிக்கு அம்மா.
மூக்கோரம் வெள்ளைச் சளி,
முன்னங்கால் ரோமம் காய்ந்து கயிறாகியிருந்தது.
திட்டுவாள் என்று நின்றேன்.
தன் முழங்கைச் சட்டையால்
அதன் மூக்கை ஒற்றியெடுத்தாள், அவ்வளவுதான்.

"எப்போதிலிருந்து?"
"ஞாயிறு."
"மற்றவை?"
"தெரியாது."
அன்று நான் சொன்ன முதல் உண்மை அது.

கையை மறுபடி கழுவினாள், மணிக்கட்டு வரை.
"இவளை வேறு கூரைக்குக் கொண்டுபோங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.
மூன்று வாரம். வேறெதுவும் தும்மாவிட்டால்
இதே விலை. இதே இரண்டு."
பணத்தைப் பையில் செருகிக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.

இன்று பதினோராம் நாள்.
ஆகாதா சலவை அறையில், ஊசிக்கு என்மேல் கோபத்தோடு.
இரவில் விளக்கணைத்துக் கொட்டகையில் உட்கார்கிறேன்.
பதினைந்து மூச்சு, ஒரு கொறிப்பு,
தகரத்தில் சொட்டும் பனி.
ஒவ்வொரு சொட்டுக்கும் தூக்கிவாரிப் போடுகிறது.

ஆணியில் அவள் கூடை தொங்குகிறது.
மறந்து விட்டுப்போகிறவள் இல்லை அவள்.